ஜெபக்குறிப்பு நோட்டு: தாள் மோசம், கட்டங்கள் பரவாயில்லை

ஆலய வாசலில் போட்டிருந்த புத்தகக் கடையில் 120 ரூபாய்க்கு வாங்கினேன். பக்கத்துக்கு மூன்று கட்டம்: யாருக்காக, தேதி, பதில். தாள் மெல்லிசு, ஜெல் பேனாவில் எழுதினால் மறுபக்கம் ஊறிவிடுகிறது. இரண்டே மாதத்தில் நடுப்பக்கம் கழன்றுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி குடிக்கிறான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஃபோன் அடித்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். 'உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்' என்ற பைபிள் வசனம் (1 பேதுரு 5:7) அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. நானோ வைத்துவிட்டு அரைமணி நேரத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிற ஆள். ஆனாலும் நோட்டில் எழுதி மூடிவைத்த ராத்திரிகளில் கொஞ்சம் தூங்குகிறேன்.

அவன் பெயர் இதுவரை 41 தடவை, எதிரே பதில் கட்டம் காலி. முதலில் அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் எங்கள் போதகர் மோனிக்காவைப் பற்றிச் சொன்னார், பிற்காலத்தில் பேர்பெற்ற கிறிஸ்தவ ஆயரான மகன் அகஸ்டினுக்காக வருஷக்கணக்கில் அழுது ஜெபித்த தாய், அந்த மகன் கி.பி. 387இல் மிலானில் ஞானஸ்நானம் எடுத்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு இந்த மாதிரி எத்தனை நோட்டு வேண்டியிருக்கும்!

ஒரு குறை, நாம் செய்ய வேண்டியதை எழுத இடமே இல்லை. ஓரத்தில் நானே கோடு போட்டுக்கொண்டேன்: 'ஞாயிறு மதியம் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடு, குடியைப் பற்றிப் பேசாதே.'

ஐந்துக்கு மூன்று. கெட்டித் தாளில் போட்டால் இன்னொன்று வாங்குவேன்.