கழற்றி மாட்டும் ஊசி செட்: ஒரு கார்டிகன் பின்னி முடித்த பிறகு

ஸ்வெட்டர் பின்னுவதற்கான கழற்றி மாட்டும் சர்க்குலர் ஊசி செட்டுக்கு (இரண்டு ஊசி முனைகளை நடுவில் ஒரு வளையும் கேபிள் இணைக்கும்) ஆன்லைனில் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். வாட்ஸப்பில் ஒரே வரியில் பதில் போட வரவில்லை. மர முனைகள், நைலான் கேபிள்கள், குட்டிச் சாவி, மூடிகள் என்று உள்ளே இருப்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கும், அதை விட்டுவிடுகிறேன். என் முதல் கார்டிகனை, அதாவது முன்னால் திறந்திருக்கும் ஸ்வெட்டரை, முழுக்க இதில்தான் பின்னினேன். சென்னையில் ஸ்வெட்டர் எதற்கு என்பவர்கள், டிசம்பரில் ஏதாவது ஒரு சபாவில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து தனி ஆவர்த்தனம் வரை தாக்குப்பிடித்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

நான் எடுத்தது கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் ராக்லான் வகை. தனித்தனித் துண்டாகப் பின்னிக் கடைசியில் சேர்த்துத் தைக்கும் வேலை இதில் இல்லை. துணியின் வெளிப்பக்கம் நம்மைப் பார்த்திருக்கும் வரிசை ஒவ்வொன்றிலும், கழுத்திலிருந்து அக்குளுக்குச் சரிந்து இறங்கும் ராக்லான் கோடுகள் நான்குக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக, மொத்தம் 8 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) கூடிக்கொண்டே போகும். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்ற கணக்கில், அக்குளை எட்டும்போது உடம்பும் கையும் சேர்ந்து 300-ஐத் தாண்டிவிடும். நேர் ஊசியில் அத்தனையையும் அடைக்க முடியாது, அடைத்தாலும் மணிக்கட்டு போய்விடும். சர்க்குலரில் பாரம் கேபிளில் இறங்கி மடியில் உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பெரிய வசதி என்று சிலாகிப்பார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். சித்திரை வெயிலில் மடியில் அரை கிலோ உல்லன் இருந்தால் வேர்க்குரு.

ஆனால் இந்த செட்டின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் இரண்டு முனைகளையும் திருகிக் கழற்றி, கேபிளின் இரு பக்கமும் மூடி போட்டுவிட்டு, பாதி பின்னிய கார்டிகனை அப்படியே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கலாம். ஒரு கண்ணிகூட நழுவாது. எனக்கு அக்குளில் இறுக்கிப் பிடித்தது. இன்னும் நான்கு வரிசை இறக்கினேன், சரியாகிவிட்டது. டெய்லர் கடையில் வாங்கிவந்து போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் அலைச்சலெல்லாம் இல்லாமல், நம் உடம்புக்கு நாமே அளவு எடுத்துக்கொண்டே போவது இருக்கிறதே, முதல் தடவை பின்னுகிறவருக்கு அது தரும் தைரியமே தனி.

அந்தத் தைரியத்தைக் கொடுத்த அதே திருகுதான் என் உயிரை எடுத்தது.

முனையும் கேபிளும் சேரும் இடத்தில் ஒரு திருகு. சாவி போட்டு இறுக்கினால் இணைப்பே தெரியாது. பின்னும்போது ஊசி விரல்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உருளும், அந்த உருட்டலில் திருகு இளகும். முதலில் தலைமுடி அளவு இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நூலின் ஒரு இழை அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணிகளைத் தள்ளினால் நகராது. கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் இழை பிரிந்து நிற்கும், இன்னும் அழுத்தினால் முனை கையோடு வந்துவிடும். அப்புறம் குரோஷா ஊசியை எடுத்துக்கொண்டு, ஏணி மாதிரி இறங்கிப் போன கண்ணிகளை ஒவ்வொரு படியாக மேலே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

உடம்புப் பகுதியில் எப்படியோ சமாளித்துவிடலாம். கைப்பகுதியில்தான் நரகம். சின்ன வட்டம் என்பதால் 80 சென்டிமீட்டர் கேபிளை வளைத்து வெளியே இழுத்து மேஜிக் லூப் முறையில் பின்ன வேண்டும். பாதி சுற்று முடிந்ததும் கேபிளை இழுக்க வேண்டும், மறு பாதி முடிந்ததும் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணிகள் அந்த இணைப்பின் மேல்தான் ஏறி இறங்க வேண்டும். ஆகவே இடது கையின் ஒரு பக்கம் இழை பிரிந்து லேசாகப் பஞ்சு தட்டி இருக்கிறது, எனக்கு மட்டும் தெரியும்.

விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புகார் எழுதியதும் கேள்வி கேட்காமல் வேறு கேபிள் அனுப்பினார்கள். புதியதும் இளகுகிறது, ஆனால் மெதுவாக. மர முனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வியர்த்த கையில் ஸ்டீல் ஊசி வழுக்கும், மரம் பிடிமானமாக இருக்கும். அக்ரிலிக் நூல் என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அதே மரத்தில் கிறீச்சென்று ஒட்டும். கையில் கொஞ்சம் முகப் பவுடர் தடவிக்கொண்டால் போதும். காட்டன் நூலுக்கு மாறச் சொல்லாதீர்கள். அது இழுபடாது, பழகாத விரல் வலிக்கும், துவைக்கத் துவைக்கப் பாரத்தில் கீழே தொங்கிவிடும்.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. ஒரு கார்டிகனுக்கு 4 மில்லிமீட்டர் தடிமனில், 80 சென்டிமீட்டர் நீளத்தில், கழற்ற முடியாத சர்க்குலர் ஒன்று போதும். செட் விலையில் கால் பங்குகூட ஆகாது. அளவு பார்க்க வேண்டுமென்றால் கண்ணிகளை வேறு நிற நூலில் கோத்து எடுத்துக்கொள்ளலாம். நான் மட்டும் தங்கைக்கான அடுத்த கார்டிகனுக்கு இதே செட்டில்தான் கழுத்துப் போட்டிருக்கிறேன். கண்ணாடி முன் நின்று பழகிவிட்டது, விட மனசு வரவில்லை. இரவல் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

விலையைப் பார்த்து மயங்கி வாங்கியே தீருவோம் என்பவர்கள் சாவியை மட்டும் நம்ப வேண்டாம். சாவியைக் கேபிள் நுனியில் உள்ள துளையில் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டு, மர முனையைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிப் பிடித்து இறுக்குங்கள். ஒவ்வொரு வரிசை தொடங்கும் முன்னும் இணைப்பை நகத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கேபிள் சுருண்டு மல்லுக்கு நின்றால் வெந்நீரில் சற்று நேரம் போட்டு நிமிர்த்துங்கள். கைப்பகுதிக்கு மட்டும் தனியாக வேறு ஊசி.