இரண்டாம் கியரில் ஐந்து வருடம்: கோத்தகிரி மலைப்பாதையில் டியாகோவும் வேகன்ஆரும்

என்னுடையது 2020 நவம்பரில் எடுத்த டாடா டியாகோ பெட்ரோல், மேனுவல் கியர். மீட்டர் இப்போது 61,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதே மாதம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே என் மச்சினன் எடுத்தது மாருதி வேகன்ஆர் 1.2. அவன் வீடு அரவேணுவில், என் வீடு கோத்தகிரி டவுனை ஒட்டி. ஒருவர் வண்டி சர்வீசுக்குப் போனால் மற்றவர் வண்டி கை மாறும். ஆகவே இரண்டையும் மழையிலும் மூடுபனியிலும் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டும் ஓட்டியிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தோம். என் பக்கத்து வாதம் பாதுகாப்பு. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அன்றைக்கு டியாகோவுக்கு நான்கு நட்சத்திரம், வேகன்ஆருக்கு இரண்டு. அவன் பக்கத்து வாதம் இடம். டிக்கி அதில் 341 லிட்டர், இதில் 242. உயரமும் அதில் 1,675 மில்லிமீட்டர், இதில் 1,535. எஞ்சின் என்று வந்தபோது இருவருமே பேனாவை மூடிவிட்டோம். இரண்டும் 1.2 லிட்டர், இரண்டுக்கும் டார்க், அதாவது இழுவிசை, 113 நியூட்டன் மீட்டர். சமம் என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விட்டோம். ஐந்து வருடம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், நாங்கள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.

டியாகோவுக்கு அந்த 113 கிடைப்பது 3,300 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 3,300 சுற்று சுற்றும்போது. வேகன்ஆரின் அந்த எஞ்சினுக்கு 4,200-ல். காகிதத்தில் இது ஒரு அடிக்குறிப்பு மாதிரிதான் தெரியும். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டுக் கோத்தகிரி ரோட்டில் ஏற ஆரம்பித்தால்தான் உறைக்கும். 33 கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரம் ஏற வேண்டும். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியதும் மூன்றாம் கியர் என்பது அவ்வப்போது வந்துபோகும் விருந்தாளி. குடித்தனம் எல்லாம் இரண்டாம் கியரில்தான்.

ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, முன்னால் உரம் ஏற்றிய லாரி. இந்த நிலையில் டியாகோ இரண்டாம் கியரிலேயே முனகாமல் ஏறும். லாரி வளைவில் ஊர்ந்தால் நாமும் ஊர்ந்து, நிமிர்ந்ததும் மிதித்தால் பிடித்துக்கொள்ளும். வேகன்ஆரை அதே இடத்தில் கொஞ்சம் முறுக்கித்தான் வைத்திருக்க வேண்டும். சுற்று குறைந்துவிட்டால் முதல் கியருக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், அந்த எஞ்சினின் குணம் அது. ஏனென்றால் நான் தனியாகப் போகும் நாளில் கதை தலைகீழ். வேகன்ஆர் என் வண்டியைவிட நூறு கிலோவாவது எடை குறைவு. நாலு சிலிண்டர் என்பதால் முறுக்க முறுக்க நைசாகப் பாடும். தனி ஆளாக ஏறினால் அவன்தான் முன்னால் போய் எனக்காகக் காத்திருப்பான். என் வண்டியின் மூன்று சிலிண்டர் ஐடிலில் நிற்கும்போது சீட் வழியாகத் தன் இருப்பைச் சொல்லும், பழகிவிட்டது.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விளம்பரத்தில் போடும் பவர் எல்லாம் கடல்மட்டத்துக் கணக்கு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினுக்கும் அந்த அளவு மூச்சு குறைவு. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இருந்தால் இந்த இழப்பு பெருமளவு தெரியாது, எங்கள் இரண்டு வண்டியிலும் அது கிடையாது. கீழே பறந்த வண்டி மேலே வந்ததும் சோர்ந்துவிட்டது என்று சுற்றுலா வந்த நண்பர்கள் மெக்கானிக்கைத் தேடுவார்கள். காற்றுக்கு எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவது?

நாங்கள் டெஸ்ட் டிரைவ் போனது கோவை அவிநாசி ரோட்டில். மலைக்கு வண்டி வாங்க அங்கே ஓட்டிப் பார்ப்பது, தரையில் நடந்து பார்த்து ஏணி வாங்குவது மாதிரி. இரண்டுமே அருமையாக ஓடின, ஓடாமல் என்ன செய்யும்? மலைக்காரர்கள் ஷோரூமில் அடம்பிடித்தாவது நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கிலிருந்து எடுத்துப் பாருங்கள். குஞ்சப்பனையில் பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கு வரும். ஒருநாள் சாயங்காலம் வளைவில் ஏறிக்கொண்டிருக்கும்போது முன்னால் நாலைந்து வண்டி அப்படியே நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்து மொத்த வரிசையும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, மறுபடி ஏற்றத்தில் எடுக்க வேண்டும். பின்னால் ஒரு பஸ்ஸின் மூக்கு. அன்றைக்கு ஓட்டியது வேகன்ஆர். ஹேண்ட் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது, வண்டி ஒரு சாண் கூடப் பின்னால் போகவில்லை. என் சட்டை மட்டும் நனைந்துவிட்டது.

இறக்கத்தைப் பற்றி நான் பாடம் கற்றது என் சொந்த முட்டாள்தனத்தில். வாங்கிய புதிதில், ஒரு சனிக்கிழமை குன்னூர் வழியாக இறங்கினேன். மூன்றாம் கியரில் போட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பர்லியாருக்கு முன்னால் கருகிய வாசனை. பின்னால் வந்த வண்டியாக இருக்கும் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். நம்முடையதுதான். பர்லியாரில் ஓரம் கட்டி, பழக்கடை வாசலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் நல்ல மனுஷர், தண்ணீர் ஊற்றப் போன என் கையைப் பிடித்துத் தடுத்தார். காய்ந்த டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதைத்தான். இரண்டில் போட்டு விட்டால் எஞ்சினே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடும். டியாகோவின் எடை இறக்கத்தில் தள்ளும், அதனால் எனக்கு இது கட்டாயம். லேசான வேகன்ஆர் இந்த விஷயத்தில் கொஞ்சம் மன்னிக்கும்.

பிரேக் பேட் எனக்கு முதலில் மாற்றியது 23,000 கிலோமீட்டரில். அதற்கு ஒன்றரை மாதம் முன்புதான் கீழே ஒரு தனியார் பட்டறையில் பார்த்துவிட்டு இன்னும் ஒரு வருடம் வரும் என்றார்கள். அது சமவெளிக்காரரின் வருடம். கோத்தகிரியில் இருக்கிறேன் என்று நான் சொன்னதை அவர்கள் ஊர்ப்பெயராகத்தான் கேட்டார்கள் போலிருக்கிறது. அதிலிருந்து இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். பிரேக் ஆயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அது ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் கொதிநிலை குறையும், குறைந்தால் இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். நம் ஊர் ஈரத்துக்கு அது ரொம்ப முக்கியம்.

கிளட்ச் 47,000-ல் மாற்றினேன். மச்சினன் வண்டியில் இன்னும் கம்பெனி கிளட்ச்தான். “மாமா, நீங்க கிளட்ச் மேல காலை வச்சுட்டுத் தூங்கறீங்க” என்கிறான். சீசனில் குன்னூர் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் அரை கிளட்ச்சில் நின்றது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மைலேஜ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மலை ஏறி இறங்கி உள்ளூர் ஓட்டமும் சேர்த்து எனக்கு 14, அவனுக்கு 15. கோவை தாண்டிப் போனால் எனக்கு 18, அவனுக்கு 20-ஐத் தொடும். இதற்காக ஒருவர் வண்டி மாற்ற வேண்டியதில்லை.

மூடுபனிக்கு வருவோம். ஏசி மலையில் எதற்கு என்று கேட்டவன் நான். கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டா பக்கமாக ஊட்டி போகும்போது உள்ளே நாலு பேர் மூச்சுவிட்டாலே கண்ணாடி வெள்ளையாகிவிடும். ஹீட்டரோடு ஏசியையும் போட்டுக் கண்ணாடிப் பக்கம் காற்றைத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் தெளியும். காற்றின் ஈரத்தை ஏசி பிடித்துக்கொள்கிறது. இரண்டு வண்டியிலும் இது நன்றாக வேலை செய்கிறது. பனியில் காட்டெருமை கறுப்பாக ரோட்டோடு ரோடாக நிற்கும் ஊரில், பின்கண்ணாடி வைப்பரும், அந்தக் கண்ணாடியைச் சூடாக்கிப் பனியை நீக்கும் டிஃபாகரும் இல்லாத மாடலை எடுக்க வேண்டாம் என்பேன். அலாய் வீலுக்குக் கொடுக்கும் காசை அதில் போடுங்கள்.

உட்காரும் உயரத்தில் வேகன்ஆரை மிஞ்ச முடியாது. என் அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அந்த வண்டியில் நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்து, அப்படியே எழுந்துவிடுகிறார். என் வண்டியில் இறங்கி உட்கார வேண்டும், எழும்போது ஒரு கை கொடுக்க வேண்டும். அவர் வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு என்றால் போன் அவர் மகனுக்கு, என் மச்சினனுக்குத்தான் போகும். திரும்பும் வட்டமும் அவன் வண்டிக்குச் சிறியது, ஆரம் 4.7 மீட்டர். எங்கள் சந்தில் அது உபயோகப்படுகிறது. பதிலுக்கு, கொண்டை ஊசி வளைவில் உயரமான வண்டி ஆளைக் கொஞ்சம் சாய்க்கும். டியாகோ தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பும். என் மகள் இரண்டிலுமே வாந்தி எடுப்பாள், அவளிடம் கருத்துக் கேட்டுப் பயனில்லை.

இன்றைக்கு மறுபடி வாங்கினால்? குடும்பத்தோடு அடிக்கடி கீழே இறங்கி ஏறும் எனக்கு டியாகோதான். தினமும் தனியாக ஓட்டி, வாரம் ஒருநாள் பெரியவர்களை ஏற்றுபவர் வேகன்ஆரைத் தாராளமாக எடுக்கலாம். தானே கியர் மாற்றும் ஏஎம்டி எடுப்பவர்கள், இறக்கத்தில் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டில் பூட்ட முடிகிறதா, ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் விடாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். ஏற்பாடு முடிந்துவிட்டது. அத்தையும் சீர்த்தட்டுகளும் வேகன்ஆரில், மிச்ச ஐந்து பேர் என் வண்டியில். சீசன் என்பதால் வழக்கம்போல் மேலே வருகிறவர்களைக் குன்னூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். திரும்பும்போது பர்லியார் பழக்கடையில் நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரி இப்போதே சொல்லிவிட்டாள். ஏறும்போது பிரேக் கருகாது என்று சொன்னேன். பழம் வாங்கத்தான் என்றாள்.