நாயா, பூனையா: ஓய்வுக்காலத்துக்கு எது துணை?

நடை: காலையில் கழுத்துவாரைக் கவ்விக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் நாய் சோம்பலுக்கு இடம் தராது, அதனுடன் நாள்தோறும் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தாலே, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட உடலுழைப்பு நிறைவேறிவிடும். பூனை நம்மை நடக்க வைக்காது.

மன அமைதி: மடியில் சுருண்டு குறுகுறுக்கும் பூனையை வருடும்போது, நம் மூச்சும் மெல்ல நிதானப்படும், தனிமையில் இருப்பவர்களுக்கு இது சிறிய ஆறுதலன்று.

பராமரிப்பு: பூனை மலஜலம் கழிக்க மண் நிரப்பிய தட்டு போதும். வெறிநோய்த் தடுப்பூசி இரண்டுக்கும் தவறக்கூடாது.

ஒவ்வாமை: பூனையின் உமிழ்நீரிலுள்ள புரதம் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும் என்பதால், மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ரத்த அழுத்தமோ நீரிழிவோ இருந்து, கால்களில் வலுவும் உள்ளவர்களுக்கு நாயையே பரிந்துரைப்பேன். மூட்டுவலியோடு அடுக்ககத்தில் வாழ்பவர்களுக்கு, வாரை இழுத்து விழச்செய்யும் அச்சமில்லாத பூனையே பொருத்தம்.