பால்கனியில் கிரில்: கரியா, புரோபேனா, மின்சாரமா?

அமெரிக்க அடுக்குமாடிகளில் கோடை வந்தால் பால்கனிக்கு இறைச்சி சுடும் கிரில் அடுப்பும் வந்துவிடுகிறது. சுவையைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். தீயணைப்பு விதியைப் பார்த்து வாங்குங்கள் என்பேன். நமக்கு மேல்மாடியிலும் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

சுவையில் கரியை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் சமைத்து முடித்த பிறகும் அதன் ஆபத்து தீர்வதில்லை. நீறு பூத்த தணல் ஒரு நாளுக்கு மேலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். காற்றடித்தால் பொறி பறக்கும். மழைக்குப் பயந்து அடுப்பை வீட்டுக்குள் இழுத்தால், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே வாங்கிவிடும். நியூயார்க் நகரம் பால்கனியில் கரியை முற்றாகத் தடுக்கவில்லை. கட்டடத்திலிருந்து 10 அடி இடைவெளி வேண்டும், பக்கத்திலேயே தோட்டக்குழாயோ 16 கேலன் (சுமார் 60 லிட்டர்) தண்ணீரோ வேண்டும் என்கிறது. அத்தனை இடம் எந்தப் பால்கனியில் இருக்கிறது? பெரும்பாலோருக்கு அந்த அனுமதி ஏட்டளவில்தான்.

புரோபேன் திருகினால் எரியும், மூடினால் அணையும். அப்படியிருந்தும் வழக்கமான 20 பவுண்டு சிலிண்டரைப் பால்கனியில் வைக்கவே நியூயார்க் விடுவதில்லை. அது சரியான தடை. காற்றைவிடக் கனமான அந்த வாயு கசிந்தால் தரையோடு படரும், கீழ்வீட்டுக்கும் இறங்கும். பல மாநிலங்கள் பின்பற்றும் ஐஎஃப்சி (பன்னாட்டுத் தீயணைப்பு விதித்தொகுப்பு), ஒரு பவுண்டு வாயு கொள்ளும் சிறு குப்பிக்குத் தன் பால்கனித் தடையிலிருந்து விலக்குத் தருகிறது. ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி) உள்ள கட்டடத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் வீட்டுக்குள் இருந்தால் போதாது, பால்கனிக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். பலர் இந்தப் பாதியைப் படிப்பதே இல்லை.

ஃபுளோரிடாவின் விதிக்கு அடிப்படையான என்எஃப்பிஏ 1 (அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதித்தொகுப்பு) இன்னும் கறார். அடுக்குமாடிப் பால்கனியில் கிரில்லை மூட்டவும் கூடாது, சும்மா வைத்திருக்கவும் கூடாது. ஆனால் சமைக்கும் பரப்பு 200 சதுர அங்குலத்துக்கு மிகாத, தரச்சான்று பெற்ற மேசை மின்சார கிரில்லுக்கு இடம் கொடுக்கிறது.

என் தேர்வும் அதுதான். புகைமணம் குறையும், உண்மைதான். ஆனால் தணலும் இல்லை, சிலிண்டரும் இல்லை. கொழுப்பு வடியும் தட்டை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். சுவரிலுள்ள பிளக்கிலேயே நேரடியாகச் செருகுங்கள். வாங்குவதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தையும் பாருங்கள், ஊர் விதியைவிட அது கடுமையாக இருக்கலாம். கரிச் சுவைதான் வேண்டுமென்றால், பல பூங்காக்களில் கம்பத்தோடு நட்டுவைத்த கரி அடுப்புகள் இருக்கின்றன. குடும்பத்தோடு அங்கே போய்ச் சுடுங்கள்.