பெரிய டிஸ்க் ரோட்டர் போடக் கொடுத்தேன், கழன்று விழும் நிலையில் பிரேக்கைத் திருப்பித் தந்தார்கள்

மின்சார சைக்கிளுக்குப் பெரிய டிஸ்க் ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும், பிரேக் பேட் அழுத்திப் பிடிக்கும் உலோகத் தட்டு) போட நினைப்பவர்கள், வண்டியைக் கடையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. அவர்கள் செய்த வேலை எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணிலும் படாது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

வண்டியோடு வந்தது 160 மி.மீ. விட்டமுள்ள ரோட்டர். சாதாரண சைக்கிளுக்கு அது தாராளம். ஆனால் மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்து என் வண்டி 20 கிலோவைத் தாண்டும், பின்னால் சாமான் பை வேறு. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சூடேறி, பிடிப்பு குறைந்துகொண்டே வரும். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகும். பெரிய ரோட்டரில் அந்த வெப்பம் பரவ இடம் அதிகம். அதே விரல் அழுத்தத்துக்கு, 160-ஐ விட 203 மி.மீ. ரோட்டரில் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல் நிறுத்தும் விசையும் கிடைக்கும்.

கடையில் சொன்னது இதுதான்: இ-பைக்குக்கென்றே செய்த 2.3 மி.மீ. தடிமன் ரோட்டர், 203 அளவு, அதற்கேற்ற அடாப்டர் (பேடை அழுத்தும் கேலிப்பரை ரோட்டரின் அளவுக்கு வெளியே தள்ளி நிறுத்தும் துண்டு), புது மெட்டல் பேட். பில்லிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் காட்டி, "இந்த ஃபோர்க் 203-ஐத் தாங்குமா?" என்று நான் நேரடியாகவே கேட்டேன். "எல்லா ஃபோர்க்கும் தாங்கும் சார், தினமும் மாட்டுறோம்" என்று பதில் வந்தது.

வண்டியை எடுத்து வந்த அன்றே சத்தம் தொடங்கிவிட்டது. பிரேக் பிடித்தால் சக்கரத்தோடு சேர்ந்து 'டக் டக்' என்று ஒரு தட்டல், லீவரில் அதிர்வு. போன் செய்தால், "புது டிஸ்க் சார், பேட் படியிற வரைக்கும் அப்படித்தான்" என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. புது ரோட்டரும் புது பேடும் ஒன்றோடொன்று படிய வேண்டும் என்பது நிஜம். சுமாரான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடை வேகத்துக்குக் கொண்டுவந்து விட வேண்டும். இப்படி ஒரு இருபது தடவை செய்தால் படிந்துவிடும். ஆனால் படியாத பேடின் சத்தம் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் குறைந்துகொண்டே வரும், பிடிப்பு கூடிக்கொண்டே போகும். எனக்கு நேர்மாறாக நடந்தது. சத்தம் கூடியது. ஓர் இறக்கத்தில் கேலிப்பரே லேசாக ஆடுவதைக் கண்ணால் பார்த்தேன். இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வேறொரு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் கழற்றிக் காட்டியதைச் சொல்கிறேன். 203-க்கான அடாப்டர் அங்கே இல்லவே இல்லை. 180-க்கான அடாப்டரைப் போட்டு, அதற்கு மேல் வாஷர்களை அடுக்கிக் கேலிப்பரை உயர்த்தியிருந்தார்கள். 180-லிருந்து 203-க்குப் போக கேலிப்பர் 11.5 மி.மீ. வெளியே நகர வேண்டும். அவ்வளவு வாஷரும் அடுக்கவில்லை. அதனால் கேலிப்பர் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. ரோட்டரைத் துடைத்துப் பார்த்தால் கதை முழுக்க அதிலேயே எழுதியிருந்தது: வெளி ஓரத்தில் 3 மி.மீ. அகலத்துக்குப் பேட் படவே இல்லை, அந்த வளையம் மட்டும் புதுசாக மின்னியது. உள்பக்கம், ரோட்டரின் கைகள் தொடங்கும் இடத்தில், பேட் ஏறி இடித்த தழும்புகள். அந்த 'டக் டக்' அதுதான்.

இதைவிட மோசம் போல்ட். உயரம் கூடினால் போல்ட்டும் நீளமாக வேண்டும். இவர்கள் பழைய போல்ட்டையே திருப்பிப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் ரெஞ்சை வைத்து மூன்று சுற்று திருப்பியதும் மேல் போல்ட் கையோடு வந்துவிட்டது. அது 6 மி.மீ. போல்ட், ஒரு மரைக்கு ஒரு மி.மீ. அதாவது, முன் பிரேக்கின் மொத்த விசையையும் அந்தப் பக்கத்தில் 3 மி.மீ. மரை தாங்கிக்கொண்டிருந்தது. அலுமினியத்தில் போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது, அதாவது 9 மி.மீ., உள்ளே போயிருக்க வேண்டும். ஓடும்போது அது பிடுங்கிக்கொண்டு கேலிப்பர் ஸ்போக்கில் சிக்கினால் முன் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுபவர் ஹேண்டிலுக்கு மேலே பறப்பார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அப்புறம் ரோட்டர். வெர்னியரில் அளந்தால் 1.8 மி.மீ., சாதாரண சைக்கிள் ரோட்டரின் தடிமன். உண்மையான 2.3 மி.மீ. ரோட்டருக்கு அதற்கென்று இடைவெளி விட்ட கேலிப்பர் வேண்டும். என்னுடையது 1.8-க்கானது, 2.3 போட்டிருந்தால் உரசாமல் சுற்றியிருக்காது. ஆக, அந்த வாக்குறுதி கொடுக்கும்போதே பொய். ரோட்டரின் கையில் 'ரெசின் பேட் மட்டும்' (அதாவது, பிசினால் பிணைத்த மிருதுவான பேட் மட்டும்) என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அதோடு மெட்டல் பேட் போட்டிருக்கிறார்கள். அந்த வகை ரோட்டர் மிருதுவான உலோகம், மெட்டல் பேட் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

ஃபோர்க் விஷயத்தையும் அவரே முடித்து வைத்தார். தயாரிப்பாளரின் கையேட்டைத் திறந்து, என் ஃபோர்க்குக்கு அதிகபட்சம் 180 என்ற வரியைக் காட்டினார். ரோட்டர் பெரிதாகக் கேலிப்பர் வெளியே தள்ளிப் போகும், அதைப் பிடித்திருக்கும் காதுகள் மீது நெம்புவிசை கூடும். அந்த வரம்பு அதற்காகத்தான். 203-ஐச் சரியாக மாட்டித் தரக் கேட்டாலும் மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்போது 180 ரோட்டரும் அதற்கான அடாப்டரும் சரியான நீளப் போல்ட்டும் போட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கியிருக்கிறார். என் இறக்கங்களுக்கு அது போதுமானதாகவே இருக்கிறது.

பழைய கடைக்குப் படங்களோடு போனேன். "நீளமான போல்ட் சும்மாவே போட்டுத் தர்றோம் சார்" என்றார்கள். ஃபோர்க் வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கழற்றிய பழைய ரோட்டரைக் கேட்டேன், குப்பையில் போட்டாயிற்றாம். முழுப் பணத்தையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன், பில்லின் நகலும் அளவெடுத்த படங்களும் அதோடு போயிருக்கின்றன. பதில் இல்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், ஃபோர்க், ஃபிரேம் இரண்டின் ரோட்டர் வரம்பையும் கையேட்டில் நீங்களே பாருங்கள், கடைக்காரர் வாயை நம்ப வேண்டாம். அடாப்டரில் அளவு பொறித்திருக்கும், மாட்டும் முன் அதைக் கையில் வாங்கிப் படியுங்கள். சில வண்டிகளில் வேக சென்சாருக்கான காந்தம் ரோட்டரிலேயே இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பெரிய ரோட்டர் போட்டு ஓட்டுபவர்கள் இன்றைக்கே கேலிப்பருக்கும் அடாப்டருக்கும் நடுவில் பாருங்கள். கேலிப்பரை நேர்படுத்த உதவும் குழிவாஷர் சில பிரேக்குகளில் கம்பெனியே கொடுப்பது, அது இருக்கலாம். தட்டை வாஷர்கள் கோபுரமாக அடுக்கியிருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டே கொண்டுபோய்க் காட்டுங்கள்.