எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட பிறகு ஸ்டார்ட் தாமதமா? புது பேட்டரிக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்

டட்சன் 120ஒய், கொரோலா கேஇ30 போன்ற பழைய காடி வைத்திருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ஸ்பார்க்கை உரிய நேரத்தில் தூண்டும் பாயிண்ட், கண்டன்சரைக் கழற்றிவிட்டு, அதே வேலையை மின்னணு முறையில் செய்யும் எலக்ட்ரானிக் கிட் போடுவது நல்ல வேலைதான். ஆனால் போட்டவர் வயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டு, அதனால் வரும் கோளாறுக்கு உங்களிடமே மறுபடி மறுபடி பில் போடுவது நடக்கிறது.

கோலாலம்பூர், ஜாலான் ஈப்போ பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு 120ஒய்க்கு நடந்தது இது. கிட்டும், ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தரும் காயில் ஒன்றும் புதிதாகப் போட்டார்கள். அதற்கு முன்பு சாவியைத் திருப்பியதும் பிடித்த இன்ஜின், அதன்பின் ஸ்டார்டர் நெடுநேரம் சுற்றியும் பிடிக்கவில்லை. “பேட்டரி வீக்” என்று புது பேட்டரி. அதே கோளாறு. “ஸ்டார்டர் இழுக்கவில்லை” என்று ரீகண்டிஷன் ஸ்டார்டர். அதே கோளாறு. கடைசியில் கார்புரேட்டர் ஓவர்ஹால். “சாவியை விடும் நொடியில்தான் பிடிக்கிறது” என்று காடிக்காரர் ஒவ்வொரு முறையும் சொன்னார். போமன் அதைக் காதில் வாங்கவே இல்லை. கோளாறு எங்கே என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள காடிகளில் காயிலுக்கு இரண்டு வழியாக மின்சாரம் வரும். ஓடும்போது சாவியின் ஆன் முனையிலிருந்து பாலஸ்ட் வழியாக, குறைந்த வோல்ட்டில் வரும். ஸ்டார்ட் நிலையில் மட்டும் பாலஸ்ட்டைத் தாண்டி, பேட்டரியின் முழு வோல்ட்டும் வேறொரு வயரில் நேராக வரும். சில சாவி சுவிட்சுகளில் ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது ஆன் முனையில் மின்சாரம் நின்றுவிடும். அந்தப் பட்டறையில் கிட்டின் சிவப்பு வயரை அந்த ஆன் முனையில் கொடுத்து, பாலஸ்ட்டைக் கழற்றி, இரண்டாவது வயரை வேண்டாததென்று வெட்டி டேப் சுற்றிவிட்டார்கள். ஸ்டார்டர் சுற்றும்போது மாட்யூலுக்கும் (கிட்டில் ஸ்பார்க்கைத் தூண்டும் பகுதி) காயிலுக்கும் மின்சாரமே இல்லை. ஸ்பார்க் எங்கிருந்து வரும்? சாவியை விட்டதும் மின்சாரம் வருகிறது, இன்ஜின் இன்னும் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருப்பதால் பிடித்துக்கொள்கிறது. மாற்றிய பேட்டரியும் ஸ்டார்டரும் நல்ல நிலையில் இருந்தவை.

இதைக் கண்டுபிடிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். காயிலின் நடுவிலிருந்து வரும் தடித்த ஹைடென்ஷன் வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துவிடுவது) எடுத்து, ஜம்பர் வயரால் இன்ஜின் பிளாக்கோடு சேர்த்துவிடுங்கள். சும்மா தொங்கவிட்டால் மாட்யூல் எரியலாம். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை மாட்யூலின் சிவப்பு வயரில். ஒருவர் சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்க அளவைப் பாருங்கள். பேட்டரி முனைகளிலும் அப்படியே பாருங்கள். சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் அது நல்ல பேட்டரி. மாட்யூலில் வருவது அதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. சுழியம் வந்தால் மேலே சொன்ன தப்பு. ஐந்தாறு வோல்ட் வந்தால், இரண்டாவது வயரை வெட்டிவிட்டு பாலஸ்ட்டை மட்டும் விட்டிருக்கிறார்கள். ஸ்பார்க் பலவீனமாகத்தான் இருக்கும்.

சரிசெய்ய ஒரு நான்கு முனை ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போதும்; அதன் முனைகளில் 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். 30-க்கு பேட்டரி பிளஸிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக, 87-லிருந்து காயில் பிளஸுக்கும் மாட்யூலுக்கும், 85 பாடியில். 86-க்கு ஆன், ஸ்டார்ட் இரண்டிலும் மின்சாரம் உள்ள வயர் வேண்டும். அப்படி ஒரு வயர் இல்லாவிட்டால் இரண்டு முனைகளிலிருந்தும் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு தனித்தனியாகப் போட்டு 86-க்குக் கொண்டுவாருங்கள். டயோடு போடாமல் இரண்டையும் முறுக்கிவிட்டால் ஆன் முனை மின்சாரம் ஸ்டார்டருக்குப் போய், சாவியை விட்டாலும் ஸ்டார்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் முக்கியம்: காயில் பிளஸில் இருந்த பழைய வயர்களைக் கட்டாயம் கழற்றி மூடுங்கள். பழைய ஆன் வயர் அங்கேயே இருந்தால் 87-லிருந்து மின்சாரம் 86-க்குத் திரும்பி வந்து, சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது.

பாலஸ்ட்டைக் கழற்றினால் காயிலையும் அளந்து பார்க்க வேண்டும். பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே சுமார் 3 ஓம் இருந்தால் பாலஸ்ட் இல்லாமல் ஓடும். 1.5 ஓம் காயிலை நேராக 14 வோல்ட்டில் கொடுத்தால் 9 ஆம்பியர் வரை இழுக்கலாம்; எளிய கிட்டுகளின் மாட்யூல் அதைத் தாங்காது. ‘ஹை பவர்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், கிட்டோடு வரும் தாளில் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பிளக் வயரும் ரெசிஸ்டன்ஸ் உள்ளதாக இருக்கட்டும், வெறும் செம்பு வயர் மாட்யூலைக் குழப்பும்.

ஸ்டார்டரே திக்கித் திக்கிச் சுற்றினால் அது வேறு கோளாறு. கிட்டின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இப்போது சுலபமாகச் சுற்றினால் பேட்டரி, ஸ்டார்டர் இரண்டும் குற்றமற்றவை. டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், முன்னே ஏறியிருக்கிறது. பாயிண்ட் திறக்கும் கோணமும் கிட் ஸ்பார்க் கொடுக்கும் கோணமும் ஒன்றல்ல என்பதால், கிட் போட்டதும் டைமிங் லைட் வைத்துத் திரும்ப அமைத்தே ஆக வேண்டும். காதால் கேட்டு அமைத்துக் கொடுத்தால், நம் ஊர் வெயிலில் சூடான இன்ஜின் ஸ்டார்டரைத் திருப்பி அடிக்கும். அப்படியும் மெதுவாகவே சுற்றினால், ஸ்டார்டர் சுற்றும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளந்து பாருங்கள்; 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் பாடி (எர்த்) வயரைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். அதற்கும் பிறகுதான் பேட்டரியையோ ஸ்டார்டரையோ சந்தேகப்பட வேண்டும்.

காசு கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: கிட்டின் வயரிங் தாள், கழற்றிய பழைய பொருட்கள், செய்த வேலையை வரிவரியாக எழுதிய பில். தர மறுக்கும் பட்டறையில் அடுத்த வேலைக்குக் காடியை விடாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விவகாரம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பில்களோடு, மீட்டர் காட்டிய வோல்ட் அளவுகளின் படங்களையும் தேதியோடு எடுத்து வையுங்கள். வயரைத் திருத்துவதற்கு முன்பே எடுங்கள், திருத்திய பிறகு தப்பு நடந்ததற்கு அடையாளம் இருக்காது.