பேய்ப்படக் கூட்டத்துக்கு சாம்சங் ஃப்ரீஸ்டைல்: 75 அங்குலத்தைத் தாண்டாதீர்கள்

ஆறு பேர், சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறை, ஒரு வெள்ளைச் சுவர். இந்த அளவில் கூடிப் பேய்ப்படம் பார்க்கிறவர்களுக்கு சாம்சங் ஃப்ரீஸ்டைல் புரொஜெக்டர் நன்றாகவே உதவும். ஆனால் 100 அங்குலம் வரை படம் விழும் என்று விளம்பரத்தில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு சுவர் முழுக்கப் படத்தைப் பரப்பினால், நகைச்சுவைப் படம் தாங்கும், பேய்ப்படம் தாங்காது. இருட்டு மூலையில் யாரோ நிற்கிறார்கள் என்பதே கடைசி வரிசைக்குத் தெரியாமல் போகும்.

கோல்டன் மைல் டவரில் இயங்கிய 'தி புரொஜெக்டர்' என்ற திரையரங்கு 2025 ஆகஸ்டில் மூடப்பட்ட பிறகு, வழக்கமான திரையரங்குக்கு வராத திகில் படங்களைக் கூட்டமாகப் பார்க்க இங்கே இடம் குறைந்துவிட்டது. ஆசியத் திரைப்படக் காப்பகம் கேனிங் ரைஸில் உள்ள ஓல்டம் திரையரங்கில் நடத்தும் காட்சிகள் அருமையானவை. ஆனால் அங்கே என்ன படம், எப்போது என்பது அவர்கள் முடிவு. நாமே படம் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு வீடாகக் கூடுவதற்கு 830 கிராம் எடையுள்ள ஒரு கருவி போதும் என்பது பெரிய வசதி. ஈசூனிலிருந்து ஜூரோங்குக்கு எம்ஆர்டியில் தோள்பையில் போட்டுக்கொண்டு போகலாம். 65 அங்குலத் தொலைக்காட்சியின் கருப்பு இதைவிடப் பல மடங்கு ஆழமானது. ஆனால் அதை யாரும் தூக்கிக்கொண்டு வரமுடியாது.

இனி கணக்கு. ஃப்ரீஸ்டைலின் வெளிச்சம் 550 எல்இடி லூமென் என்று விற்கிறார்கள். ஒப்பிட உதவும் அளவு அன்சி லூமென், அது 230. 100 அங்குலப் படத்தின் பரப்பு ஏறக்குறைய 2.75 சதுர மீட்டர். இந்த 230 லூமெனை அதில் பரப்பினால் சாதாரண வெள்ளைச் சுவரில் கிடைப்பது 27 நிட் (படத்தின் பிரகாசத்தை அளக்கும் அலகு) அளவுதான். திரையரங்குக்கு வகுத்த அளவு 48 நிட். 75 அங்குலத்தில் பரப்பு 1.55 சதுர மீட்டராகச் சுருங்க, வெளிச்சம் 47 நிட்டுக்கு ஏறுகிறது. அதாவது 75 அங்குலத்தில்தான் இது திரையரங்க அளவைத் தொடுகிறது. 'மூவி' பட அமைப்புக்கு மாற்றினால் வெளிச்சம் இன்னும் குறையும். அதனால் மிக இருண்ட படங்களுக்கு 65 அங்குலமே எங்கள் பரிந்துரை.

தூரம் எளிது. படத்தின் அகலம் எவ்வளவோ, அதைப்போல் 1.2 மடங்கு தள்ளி வைக்க வேண்டும். 75 அங்குலப் படத்தின் அகலம் 1.66 மீட்டர், கருவி சுவரிலிருந்து 2 மீட்டரில் இருக்க வேண்டும். 65 அங்குலத்துக்கு 1.73 மீட்டர். ஜூம் கிடையாது, நகர்த்தித்தான் அளவை மாற்ற முடியும். பார்ப்பவர்கள் இரண்டரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் படம் கண்ணை நிறைக்கும். பாயில் மூவர், அவர்களுக்குப் பின்னால் சோபாவில் மூவர். ஏழாவது ஆள் வந்தால் அவர் ஓரத்திலிருந்து சாய்வாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தக் கருவியை வாங்கியவர்கள் அதிகம் புகழும் வசதிதான் பேய்ப்படத்துக்கு எதிரி: ஆட்டோ கீஸ்டோன். கருவியை எந்தக் கோணத்தில் வைத்தாலும் படத்தைத் தானே செவ்வகமாக்கிவிடும். அது லென்ஸால் நடப்பதில்லை. உள்ளே உள்ள சில்லின் ஓரப் புள்ளிகளை அணைத்துவிட்டு, மீதியில் படத்தைச் சுருக்கி வரைகிறது. அணைத்த புள்ளிகளும் முழுக் கருப்பாக இருப்பதில்லை. கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் கசியும். பகல் காட்சியில் இது கண்ணில் படாது. நாயகி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிற காட்சி வந்ததும், படத்தைச் சுற்றிக் கோணல்மாணலான ஒரு சாம்பல் சட்டம் சுவரில் எழுந்து நிற்கும். அதன் பிறகு கண் அதை விட்டு நகராது. வெளிச்சத்திலும் ஒரு பங்கு வீணாகிறது.

ஆகவே முதல் வேலை, அமைப்புகளில் ஆட்டோ கீஸ்டோனை அணைப்பது. கருவியைப் படத்தின் நடுவுக்கு நேராக, சுவருக்குச் செங்குத்தாக வைத்து, கையாலேயே சாய்வைச் சரிசெய்யுங்கள். படத்தின் நடு உயரத்துக்கே கருவியும் வந்தால்தான் கோணல் வராது. டீப்பாய் போதாது, உயரமான ஸ்டூல் வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் ஃபோகஸ் லேசாக நகரக்கூடும். எனவே கூட்டம் வருவதற்கு முன்பே போட்டுவிட்டு, படம் தொடங்கும்போது ஃபோகஸை மறுபடி பாருங்கள். ஸ்டூல் ஆட்டம் காணாததாக இருக்கட்டும். சீலிங் ஃபேன் வேகத்தில் மேசை அதிர்ந்தால் எழுத்துகள் எல்லாம் நடுங்கும்.

கூரையில் படம் போடலாம் என்பது இந்தக் கருவியின் இன்னொரு பெருமை. தலை மேல்நோக்கித் திரும்பும். வீவக வீடுகளில் கூரை ஏறக்குறைய 2.6 மீட்டர் உயரம். தரையில் வைத்தால் படம் 90 அங்குலத்தை எட்டி வெளிறிப்போகும். 45 சென்டிமீட்டர் ஸ்டூலில் வைத்தால் லென்ஸிலிருந்து கூரை 2 மீட்டர், சரியாக 75 அங்குலம். நால்வர் பாய் விரித்துப் படுத்துப் பார்க்கலாம். மெதுவாக நகரும் ஜப்பானியப் பேய்ப்படங்களை இப்படிப் பார்க்கும்போது வருகிற பயம் உட்கார்ந்து பார்த்தால் வராது. சீலிங் ஃபேன் இருக்கும் அறையில் இது நடக்காது, ஏர்கான் படுக்கையறைதான் வழி.

அறையை இருட்டாக்குவதில் தயவுதாட்சண்யம் வேண்டாம். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கச் சூரியன் மாலை 7 மணியை ஒட்டியே மறைகிறது. 7:30க்குத் தொடங்குவது நல்ல வழக்கம். அதற்குப் பிறகும் தாழ்வார விளக்கு இரும்புக் கேட்டு வழியாகவும் கதவுக்கு மேலுள்ள சந்து வழியாகவும் உள்ளே வரும். அங்கே ஒரு கருப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். வைஃபை பெட்டி, ஏர்கான், சுவிட்ச்போர்டு இவற்றின் சின்ன விளக்குகளுக்குக் கருப்பு நாடா. நம் வீடுகளில் சாமி அலமாரியில் எரியும் சிவப்பு பல்பை அணைக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அலமாரி இருக்கும் சுவரிலேயே, அதற்குப் பக்கத்தில் படம் விழும்படி அமைத்துவிட்டால் அந்த வெளிச்சம் படத்தின் மேல் நேராக விழாது. பார்ப்பவர் கண்ணில் படாமலிருக்க அலமாரித் திரையை இழுத்துவிட்டால் போதும்.

அகலத் திரைப் படங்களுக்கு ஒரு சிறு செலவு செய்யுங்கள், பலன் பெரிது. 2.39:1 வடிவப் படம் ஓடும்போது மேலும் கீழும் கருப்புப் பட்டை வரும். இந்தக் கருவியில் அது சாம்பல் பட்டையாகத் தெரியும். 75 அங்குலத்தில் ஒவ்வொரு பட்டையின் உயரம் 12 சென்டிமீட்டர். தேக்காவிலோ அராப் ஸ்திரீட்டிலோ கருப்பு வெல்வெட் வாங்கி, 12 சென்டிமீட்டர் அகலம், 1.7 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். சுவரில் பெயின்ட் உரியாத நாடாவால் அந்தப் பட்டைகளின் மேல் ஒட்டுங்கள். விளிம்பில் உண்மையான கருப்பு வந்ததும், படத்துக்குள் இருக்கும் சாம்பலும் கருப்பாகத் தோன்றத் தொடங்கும். கண்ணின் இயல்பு அது. சாம்பல் நிறத் திரைத்துணி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 230 லூமெனில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது, கருப்பு அளவு. 'படம் இருட்டாக இருக்கிறது' என்ற புகாரில் பல, கருவியால் வருவதில்லை. மடிக்கணினி முழு அளவுச் சமிக்ஞையை, அதாவது கருப்புக்கு 0 முதல் வெள்ளைக்கு 255 வரை அனுப்ப, புரொஜெக்டர் 16 முதல் 235 வரைதான் வருகிறது என்று எடுத்துக்கொண்டால், நிழலில் இருப்பதெல்லாம் ஒரே மையாக அமுங்கிவிடும். மாறி நடந்தால் கருப்பெல்லாம் சாம்பலாக வெளுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவை வைத்துவிட்டு, கருப்புக் கோடுகள் கொண்ட சோதனைக் காணொளி ஒன்றை ஓட்டுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏவிஎஸ் எச்டி 709 தொகுப்பு போதும். 16க்குக் கீழே உள்ள கோடுகள் தெரியக் கூடாது. 17, 18 மட்டும் மங்கலாகத் துடிக்கும் வரை பிரைட்னஸை ஏற்றி இறக்குங்கள். அதன் பிறகு படம் இருட்டாக இருந்தால், இயக்குநர் அப்படித்தான் எடுத்திருக்கிறார் என்று நம்பிப் பார்க்கலாம்.

எங்கிருந்து படம் வருகிறது என்பதும் முக்கியம். உள்ளேயே இருக்கும் செயலிகளில் நெட்ஃபிளிக்ஸ் முதலியவை ஓடும். ஆனால் 1080பி ஒளிபரப்புக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 5 மெகாபிட் இணைப்பு, புளூரே வட்டில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடமுண்டு. பகல் காட்சியில் பெரிய வித்தியாசம் தெரியாது. மூடுபனி, மெழுகுவத்தி, இருண்ட படிக்கட்டு வந்தால் ஒளிபரப்பில் சதுரம் சதுரமாக உடையும். கூட்டத்தில் யாரிடமாவது வட்டு இருந்தால் அதையே போடுங்கள். வட்டாரக் குறியீடு கவனம்: சிங்கப்பூர் புளூரே ஏ வட்டாரம், இந்தியா சி, பிரிட்டன் பி. டிவிடியில் சிங்கப்பூர் 3, இந்தியா 5. 4கே யுஎச்டி வட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கான பிளேயர் வேண்டும், கருவி காட்டுவதோ 1080பிதான்.

பிளேயரை இணைக்க வேண்டியது மைக்ரோ எச்டிஎம்ஐ துளையில். சிம் லிம் ஸ்குவேரில் கேட்கும்போது 'மைக்ரோ' என்பதை அழுத்திச் சொல்லுங்கள்; மினி எச்டிஎம்ஐ வேறு, பொருந்தாது. ஒரு முனை மைக்ரோ, மறு முனை சாதாரணம் என்று ஒரே கம்பியாக வாங்குங்கள். சிறு அடாப்டரை மாட்டி அதில் தடித்த கம்பியைத் தொங்கவிட்டால், அந்தக் கனமெல்லாம் சின்னத் துளையின் மேல் விழுந்து அதை ஆட்டம் காண வைத்துவிடும்.

ஒலி இதன் பலவீனம். உள்ளே 5 வாட் ஒலிபெருக்கி ஒன்றுதான். பேச்சு தெளிவாகக் கேட்கும், திடுக்கிட வைக்கும் அடி மட்டும் விழாது. புளூடூத்தில் வெளி ஸ்பீக்கரை இணைத்தால் தாமதம் வரும். கதவு சாத்தியது தெரிந்த பிறகு சத்தம் வந்தால் யாரும் துள்ளமாட்டார்கள். பிளேயரிலிருந்து சவுண்ட்பாருக்கும், சவுண்ட்பாரிலிருந்து புரொஜெக்டருக்கும் கம்பியாலேயே கொண்டு போங்கள். சவுண்ட்பார் படத்துக்கு நேர் கீழே இருக்கட்டும். சப்வூஃபரைத் தரையில் நேரடியாக வைத்தால் கான்கிரீட் வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும். அடியில் தடித்த ஃபோம் போட்டு, அளவையும் பாதியாகக் குறையுங்கள். இரவு ஒலி அமைப்பைப் போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அது மெல்லிய ஒலியை உயர்த்திப் பெரிய ஒலியைத் தாழ்த்துகிறது. பேய்ப்படத்தின் உயிரே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியை இழந்துவிடாதீர்கள். படத்தின் மிக உரத்த இடத்தை முன்பே ஓட்டிப் பார்த்து, அதற்கேற்ப ஒலியை வைத்து, 10:30க்குள் முடியும்படி தொடங்குங்கள்.

மின்சாரம் யுஎஸ்பி சி வழியே 50 வாட், 20 வோல்ட். உள்ளே பேட்டரி இல்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 74 வாட் மணி. மாற்றும்போது ஆகும் இழப்பு போக ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது கடினம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு உச்சகட்டத்துக்கு முன்பே அணைந்துவிடும். சுவர் பிளக்கே நல்லது.

படத் தேர்வையும் கருவி தீர்மானிக்கும். ஸ்டூடியோ விளக்குகளைக் கொட்டி எடுத்த விட்டலாச்சார்யா காலத்துப் படங்கள், பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் இவற்றில் முகங்கள் பளிச்சென்று இருக்கும். 90 அங்குலம் வரை தாராளமாகப் போகலாம். இந்த ஊரின் பழைய மலாய்ப் பேய்ப்படங்களை நம் ரசிகர்கள் விடக் கூடாது. 1957ல் கேத்தே கெரிஸ் வெளியிட்ட 'பொந்தியானா' படத்தை இயக்கிய பி. என். ராவ் அதற்கு முன் தமிழ்ப் படங்கள் இயக்கியவர். 1958ல் 'ஓராங் மின்யாக்' எடுத்த எல். கிருஷ்ணன் மதராஸில் பிறந்த தமிழர். அந்த முதல் பொந்தியானாவின் பிரதியே இன்று இல்லை. ராவ் 1958ல் எடுத்த 'சும்பா பொந்தியானா' இருக்கிறது. அதைப் பெரிய திரையில் போடும் வாய்ப்பு வந்தால் இந்தக் கருவியை வீட்டில் வைத்துவிட்டு ஓல்டமுக்குப் போங்கள். மாறாக, ஒரே டார்ச் வெளிச்சத்தில் எடுத்த இன்றைய படங்களுக்கு 65 அங்குலம், முழு இருட்டு, வட்டு. இதில் சமரசம் செய்தால் படம் கெட்டுப்போகும்.

ஒருவர் வீட்டில் நண்பர்கள் கூடிப் பார்ப்பது வேறு, குடியிருப்போர் அறையிலோ காண்டோ விழா அறையிலோ அறிவிப்பு ஒட்டித் திரையிடுவது வேறு. பின்னதற்குப் பதிப்புரிமை அனுமதி வேண்டும். ஊடக ஆணையமான ஐஎம்டிஏ படத்துக்குத் தந்த வயதுத் தரமும் பொருந்தும். வீட்டில் கூடும்போதும் என்சி16, எம்18, ஆர்21 எது என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் வாசலில் நின்று சங்கடப்பட வேண்டியதில்லை.

பத்துப் பேருக்கு மேல் வருகிற கூட்டம் என்றால் இதை வாங்காதீர்கள். 1,000 அன்சி லூமென் கொண்ட கருவி பாருங்கள். எடை கூடும், 100 அங்குலம் உண்மையாகவே கிடைக்கும். ஆறு பேருக்கு என்றால் பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளத்தில் பழையது கிடைத்தாலும் வாங்கலாம். பணம் கொடுக்கும் முன் இருட்டான இடத்தில் முழுக் கருப்புப் படம் ஒன்றைப் போட்டு வெள்ளைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். மைக்ரோ எச்டிஎம்ஐ கம்பியை மாட்டி லேசாக அசைத்துப் படம் துண்டிக்கிறதா பாருங்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு ஃபோகஸ் நிற்கிறதா பாருங்கள். அசல் பவர் அடாப்டர் இல்லையென்றால், 50 வாட் தரும் அடாப்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.